வழியில் நிற்கும் சிலுவைகள்: பிரிட்டனியின் நாட்டுப்புறக் கற்குருசுகள் பற்றி ஒரு மறுபார்வை

பிரான்சின் வடமேற்கில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம் பிரிட்டனி. அதன் மேற்கு முனையில் உள்ள ஃபினிஸ்தேர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 3,000 சிலுவைகளையும், பல உருவங்கள் கொண்ட சிலுவைத் தொகுதிகளான கல்வாரிகளையும் தேடிப் பதிவு செய்து, 1980-இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார் இவ்-பாஸ்கால் காஸ்தெல் என்ற கத்தோலிக்கக் குருவானவர். கோவில் முற்றத்தில் நிற்பவையும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனால் பெரும்பாலானவை நிற்பது வெளியே: கூட்டுச்சாலைகளில், பண்ணை வீட்டுக்குத் திரும்பும் வண்டிப்பாதையின் முனையில், ஊற்றுக்கரையில், இரண்டு பங்குகளின் எல்லையில். ஆளுயரத்தைத் தாண்டாதவையும் உண்டு, ஐந்தாறு மீட்டர் உயர்ந்து நிற்பவையும் உண்டு.

இத்தனை சிலுவைகள் ஏன் இங்கே? யார் நட்டார்கள்? அவற்றை எப்படிப் படிக்க வேண்டும்? இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விகளுக்கு மூன்று வகையான பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. கிறிஸ்தவத்துக்கு முந்தைய கல் வழிபாடு சிலுவை உருவில் தொடர்ந்தது என்பது ஒன்று. கொள்ளைநோயும் சாவும் தந்த அச்சம் என்பது இரண்டாவது. துணி வணிகம் கொண்டுவந்த பணமும், அந்தப் பணத்துக்கு வேலை செய்த சிற்பக்கூடங்களும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை. அதைவிட முக்கியமாக, மூன்றும் சிலுவை நிற்கும் இடத்துக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்பது என் கருத்து. வழியோரச் சிலுவை ஒரு ஆவணம். அதில் ஒரு பெயர் இருக்கும், ஒரு ஆண்டு இருக்கும், ஒரு சிற்பியின் கை இருக்கும். அது நிற்கும் வழியும் அந்த ஆவணத்தின் ஒரு பக்கம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கீழே இரண்டு மூன்று படிகள். அவற்றின் மேல் சதுரமாகவோ எண்கோணமாகவோ ஒரு பீடம். பீடத்தில் துளையிட்டுச் செருகிய தண்டு. தண்டின் உச்சியில் ஒரு கணு அல்லது சிறு போதிகை. அதன்மேல் குறுக்குக் கைகளோடு சிலுவை. முன்பக்கம் பாடுபட்ட சுரூபம் இருக்கும். பின்பக்கம் குழந்தையைத் தாங்கிய மாதாவோ, இறந்த மகனை மடியில் கிடத்திய வியாகுல மாதாவோ, ஊரின் பாதுகாவலரோ இருப்பார்கள். கொஞ்சம் செலவு செய்தவர்கள் தண்டின் நடுவில் இன்னொரு குறுக்குச் சட்டம் வைத்து, அதன் இரு முனைகளிலும் மரியாளையும் யோவானையும் நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தவர்களின் சிலுவையில், காயங்களிலிருந்து வடியும் இரத்தத்தைக் கிண்ணங்களில் ஏந்தும் வானதூதர்கள் சேர்ந்தார்கள்.

இங்கே பிரிட்டனிக்கே உரிய ஒரு உத்தியைக் கவனிக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தில் நிற்கும் உருவங்கள் பெரும்பாலும் இரட்டை உருவங்கள். ஒரே கல்லில் முதுகோடு முதுகு ஒட்டிய இருவர். முன்னிருந்து பார்த்தால் மரியாள், சுற்றிப் போய்ப் பார்த்தால் பேதுரு. கல் ஒன்று, பொருத்தும் இடம் ஒன்று, காற்றைத் தாங்கும் பலமும் கூடுதல். இதைச் சிற்பியின் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சுவரில் சாத்தி வைக்கும் சிலைக்கு முதுகு தேவையில்லை, வழியில் நிற்கும் சிலைக்குத் தேவை. ஊருக்குள் வருபவரும் ஊரைவிட்டுப் போகிறவரும் எதிரெதிர்த் திசையிலிருந்து அதை அணுகுகிறார்கள். பாதைதான் அந்தச் சிற்பத்தின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது.

கிழக்கே போகப் போக இந்த வடிவம் மாறும். வான் நகரைச் சுற்றிய பகுதியில் சிலுவையின் தலைப்பாகம் கூரையிட்ட சிறு மாடம் போலவும், செதுக்கிய சட்டகம் போலவும் தோன்றும். பலகைக்கல் கிடைக்கும் கிழக்குப் பகுதியில் அது தட்டையாகவும் எளிமையாகவும் ஆகிவிடும்.

மென்கீரும் சிலுவையும்

பழைய கல் வழிபாடு பற்றிய வாதத்தை 19-ஆம் நூற்றாண்டின் ரொமாண்டிக் எழுத்தாளர்கள் மிக விரும்பினார்கள். காரணம் புரியக்கூடியதுதான். பிரிட்டனி முழுக்க மென்கீர் எனப்படும் புதிய கற்கால நெடுங்கற்கள் நிற்கின்றன, அவற்றில் சிலவற்றின் உச்சியில் சிலுவை இருக்கிறது. வடக்குக் கரையில் பிரிஞோகன் அருகே நிற்கும் மென்-மார்ஸ் கல் எட்டு மீட்டருக்கும் மேல் உயரமானது, அதன் தலையில் ஒரு சின்னஞ்சிறு சிலுவை. இதைப் பார்க்கும் எவருக்கும் பழைய சமயத்தின் மேல் புதிய சமயம் ஏறி நிற்பதாகத் தோன்றும். தோன்றுவது இயல்பு.

ஆனால் இந்த வகையில் மிகப் புகழ்பெற்ற கல்லையே எடுத்துக்கொள்வோம். பிளமர்-போதூ என்ற ஊரில் உள்ள சேன்-உசெக் மென்கீர் ஏழு மீட்டருக்கு மேல் உயரம். அதன் மேற்பகுதியைச் சிலுவையாக வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே சூரியன், சந்திரன், சேவல், ஏணி என்று ஆண்டவருடைய பாடுகளின் சின்னங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இது நடந்தது 1674-இல். கிறிஸ்தவம் பிரிட்டனிக்கு வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்ட காலம் அது. அந்தப் பகுதிகளில் அப்போது நடந்துகொண்டிருந்தது இயேசு சபைக் குரு ஜூலியன் மொனுவாரின் வேதபோதகப் பணி. 1640 முதல் 1683-இல் இறக்கும்வரை அவர் பிரிட்டனி மக்களின் பிரெத்தோன் மொழியில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த மிஷேல் லெ நோப்லே, எழுத்தறியாத மக்களுக்குப் படம் வரைந்த பலகைகளைக் காட்டி மறைக்கல்வி கற்பித்தவர். சேன்-உசெக் கல்லில் சின்னங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். அது அந்தப் பாடப்பலகைகளின் முறை. பழைய தெய்வத்தின் மிச்சத்தை விட 17-ஆம் நூற்றாண்டின் மறைக்கல்வி வகுப்புதான் அதில் கூடுதலாகத் தெரிகிறது.

இந்த வாதம் முற்றிலும் பொய் என்று நான் சொல்லவில்லை. இரும்புக் காலத்தில் கோல் மக்கள் செதுக்கிய குட்டையான நினைவுக்கற்களில் இடைக்காலத் தொடக்கத்தில் சிலுவை பொறித்து மறுபடி பயன்படுத்தியதற்குச் சான்றுகள் நிறைய உள்ளன. ஒரே இடம் மறுபடி மறுபடி புனிதமாகக் கருதப்பட்டிருக்கலாம். ஆனால் இடத்தின் தொடர்ச்சி நம்பிக்கையின் தொடர்ச்சி ஆகிவிடாது. நாட்டுப்புறத்தில் இன்று நிற்கும் செதுக்கிய சிலுவைகளில் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டு வரையிலும், பிறகு 19-ஆம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டவை. அவற்றை விளக்கக் கற்காலத்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

கல்லும் கையும்

தேதியும் ஊரும் தெளிவாகத் தெரியும் ஒரு தொழிலின் வரலாறு இங்கே இருக்கிறது. அந்த வரலாறு ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறது.

பிரெஸ்ட் துறைமுக விரிகுடாவைச் சுற்றிய கழிகளின் ஓரத்தில் கிடைக்கும் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறக் கல்லுக்கு கெர்சாந்தோன் என்று பெயர், அங்குள்ள ஒரு குக்கிராமத்தின் பெயர்தான் அது. கருங்கல்லைப் போல முரட்டு மணிகள் இதில் இல்லை. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு எளிதாக இணங்கும், காலம் போகப் போக இறுகும். நல்ல துண்டைச் சுத்தியலால் தட்டினால் உலோகம்போல ஒலிக்கும். கண் இமை, விரல் நகம், கயிற்றின் முறுக்கு என நுணுக்கமான வேலையெல்லாம் இதில் நிற்கும். ஐந்நூறு ஆண்டுகள் உப்புக்காற்றும் மழையும் பட்ட பிறகும் அவை மழுங்காமல் இருக்கின்றன.

இந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் காண விரும்புபவர்கள் தெற்குக் கரையில், ஒதியெர்ன் விரிகுடாவின் ஓரத்தில் உள்ள த்ரொநோவென் கல்வாரிக்குப் போக வேண்டும். 1450-க்கும் 1470-க்கும் இடையில் எழுப்பப்பட்டது அது, பெருங்கல்வாரிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெரும்பகுதி கருங்கல், சில காட்சிகள் மட்டும் கெர்சாந்தோன். கருங்கல் முகங்கள் காற்றில் கரைந்து, பாசிப்பூ படர்ந்து, யார் எவர் என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டன. பக்கத்திலேயே கெர்சாந்தோன் உருவங்கள் தெளிவாக நிற்கின்றன. கருங்கல் சிலுவைகளைக் 'கரடுமுரடான கிராமியக் கலை' என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் பார்க்கும் கரடுமுரடில் ஒரு பகுதி சிற்பி செய்தது, மற்றது வானிலை செய்தது. சில கல்வாரிகளில் வண்ணப் பூச்சின் தடயமும் கிடைத்திருக்கிறது. ஆகவே செய்தபோது இருந்த தோற்றத்துக்கும் இன்று கண்ணில் படும் சாம்பல் நிறக் கல்லுக்கும் வெகுதூரம்.

கெர்சாந்தோன் சுரங்கங்கள் நீர்க்கரையிலேயே இருந்ததால் படகில் ஏற்றுவது எளிது. எலோர்ன் ஆற்றின் வழியாகக் கல் போய்ச் சேர்ந்த ஊர் லாந்தெர்னோ. அங்கேதான் பெரிய சிற்பக்கூடங்கள் வளர்ந்தன. 16-ஆம் நூற்றாண்டில் பஸ்தியேன் ப்ரிஜான், ஆன்றி ப்ரிஜான் என்ற இருவரின் கூடம் பெயர் பெற்றது. 1554-இல் எழுந்த ப்ளூகொன்வென் கல்வாரியில் தங்கள் பெயரையும் தொழிலையும் அவர்கள் பொறித்துவைத்திருக்கிறார்கள். ப்ளேபென் ஊரின் 1555-ஆம் ஆண்டு வேலையும் அவர்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அவர்களுடைய கை இந்தப் பெரிய வேலைகளோடு நின்றுவிடவில்லை. பெயரில்லாத கூட்டுச்சாலைச் சிலுவைகளிலும் அதே கையை அடையாளம் காண முடிகிறது. மரியாளின் கன்னத்தில் துளித்துளியாகப் புடைத்து நிற்கும் கண்ணீர் அந்த அடையாளங்களில் ஒன்று. ஒரு முறை பார்த்தவர் அதை மறக்க மாட்டார்.

அடுத்த நூற்றாண்டில் அதே லாந்தெர்னோவில் ரோலான் தோரே வருகிறார். 'அரசரின் சிற்பி' என்ற பட்டம் பெற்றவர். ஃபினிஸ்தேரின் வடபகுதியில் இவருடைய கைவேலை ஊருக்கு ஊர் காணக் கிடைக்கிறது. காஸ்தெல் தொடங்கிவைத்த இந்த அடையாளம் காணும் பணியை எம்மனுவெல் லெ செயாக் விரிவான ஆய்வாக வளர்த்து, 15-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரையிலான கீழ்-பிரிட்டனிக் கற்சிற்பக்கூடங்களைப் பற்றி 2014-இல் நூலாக வெளியிட்டார். முடிச்சிட்ட இடுப்புத்துணி, தாடியின் சுருள், கண்ணிமையின் கோடு ஆகியவற்றை வைத்து ஒரு சிலை எந்தக் கூடத்தில் பிறந்தது என்று சொல்லும் முறை இப்போது உறுதியாக நிலைபெற்றுவிட்டது.

இதன் விளைவு பெரியது. முந்தைய தலைமுறையின் சிறந்த ஆய்வாளரான விக்தர்-ஆன்றி தெபிதூர் 1953-இல் பிரெத்தோன் சிற்பத்தைப் பற்றி எழுதியபோது, அதை மக்கள் கலை என்ற கோணத்தில்தான் அணுகினார். அவர் நுட்பமான பார்வை உள்ளவர், நேசத்தோடு எழுதியவர். ஆனால் 'மக்கள் கலை' என்ற தலைப்பின் கீழ் போனதும் தனி மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள். கூடம் வைத்து, உதவியாளர்களை அமர்த்தி, ஐரோப்பா முழுக்கச் சுற்றிய அச்சுப்படங்களைப் பார்த்துக் கற்று, கூலி பேசி வேலை செய்த கைவினைஞர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததுதான் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

பணம் கொடுத்தவர்கள்

சிற்பியின் பெயர் கிடைப்பது அரிது, ஆனால் பணம் கொடுத்தவரின் பெயர் பல பீடங்களில் இருக்கிறது. ஆண்டும் இருக்கும். திருப்பலிக் கிண்ணம் ஒன்று செதுக்கப்பட்டிருந்தால் கொடுத்தவர் குருவானவர் என்று பொருள். கேடயமும் குலச்சின்னமும் இருந்தால் அந்த வட்டாரத்துப் பிரபு. வெறும் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வசதியான குடியானவர், அல்லது கோவில் கணக்கைப் பார்த்த தர்மகர்த்தா.

இந்த வசதி எங்கிருந்து வந்தது? ஃபினிஸ்தேரின் வடக்கே லெயோன் பகுதியில் ஆளி நார் நெய்து, மோர்லே துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு விற்றார்கள். தெற்கே லோக்ரொனான் ஊர் கப்பல் பாய்களுக்குப் பேர்போனது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்த வணிகம் குடியானவர்களிலேயே பெரும் பணக்காரர்களை உருவாக்கியது. கிமிலியோவில் 1581 முதல் 1588 வரை சுமார் 200 உருவங்களோடு எழுந்த கல்வாரியும், பக்கத்து ஊரான சேன்-தெகோனெக் அதற்குப் போட்டியாக 1610-இல் எழுப்பியதும் அந்தப் பணத்தில்தான். இங்கிலாந்தோடு போரும் சுங்கத் தடையும் வந்து 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகம் சரிந்தபோது பெரிய வேலைகளும் நின்றுபோயின. அந்தப் பெரிய கல்வாரிகளுக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வழியோரச் சிலுவைக்கு அது பாதிதான் பொருந்தும். நெசவு செழிக்காத இடங்களிலும், மேட்டு நிலத்து ஏழைப் பங்குகளிலும் சிலுவைகள் இருக்கின்றன. 200 உருவங்களுக்கு ஒரு பங்கே சேர்ந்து பணம் திரட்ட வேண்டும். ஒரு தண்டுக்கும் ஒரு சுரூபத்துக்கும் ஒரு குடும்பம் போதும். 1562 முதல் 1613 வரை லெயோன் ஆயராக இருந்த ரோலான் த நெவில் தன் மறைமாவட்டத்தில் 5,000 சிலுவைகளை நட வைத்தார் என்று ஒரு மரபுச் செய்தி வழங்கி வருகிறது. ஃபினிஸ்தேர் முழுக்கவும் காஸ்தெல் பதிவு செய்ததை விட அது அதிகம் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஆனால் செய்தியின் உட்பொருள் ஏற்கத்தக்கது. சீர்திருத்தச் சபைகளின் எதிர்ப்பைச் சந்தித்த கத்தோலிக்கத் திருச்சபை, நிலப்பரப்பையே தன் அடையாளத்தால் நிரப்ப முனைந்த காலம் அது. மேலிருந்து வந்த அந்த உந்துதலும் கீழே ஒரு குடியானவர் தன் பெயரைக் கல்லில் காண விரும்பிய ஆசையும் சேர்ந்தபோதுதான் எண்ணிக்கை பெருகியது.

கொள்ளைநோய்ச் சிலுவை

பிரிட்டனியில் வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் ஒரு விளக்கம் உண்டு. தண்டு முழுக்கக் குமிழ் குமிழாகப் புடைத்திருக்கும் சிலுவைகளைக் காட்டி, 'இவை கொள்ளைநோய்க் கட்டிகள், நோய் போனதற்கு நன்றியாக நட்ட சிலுவை' என்பார்கள். பிரெத்தோன் மொழியிலும் இவற்றைக் கொள்ளைநோய்ச் சிலுவை என்றே அழைப்பது வழக்கம்.

இதற்கு ஒரு வலுவான ஆதாரம் இருக்கிறது. 1598-இல் பெருங்கொள்ளைநோய் தாக்கிய பிறகு, புளுகஸ்தெல்-தவுலாஸ் ஊரார் 1602 முதல் 1604 வரை தங்கள் கல்வாரியை எழுப்பினார்கள். அதன் சிலுவைத் தண்டில் அந்தக் குமிழ்கள் இருக்கின்றன. நோயின் நினைவாகவே அது எழுந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இந்த ஒன்றை வைத்து, குமிழ் உள்ள ஒவ்வொரு சிலுவையும் கொள்ளைநோய்ச் சிலுவை என்று முடிவு செய்துவிட்டார்கள். கலை வரலாறு இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிளைகளை வெட்டிய மரத்தண்டு, வெட்டிய இடத்தில் முண்டு நிற்பதுபோல், சிலுவையாகக் காட்டப்படுவது இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்த மரபு. ஓவியத்தில் உண்டு, கண்ணாடிச் சாளரத்தில் உண்டு, மரச்சிற்பத்திலும் உண்டு. கிறிஸ்துவின் சிலுவை உயிர் மரம், பட்டுப்போன கட்டையல்ல என்ற இறையியல் கருத்து அதன் அடிப்படை. பிரெத்தோன் சிற்பிகள் அந்த மரபை அறிந்திருந்தார்கள். நோயோடு எந்தத் தொடர்பும் தெரியாத இடங்களிலும் இந்தத் தண்டு நிற்பதற்கு அதுவே போதுமான விளக்கம்.

ஆகவே பீடத்தில் எழுத்தோ ஊர் ஆவணமோ இல்லாதவரை, குமிழை மட்டும் வைத்துக் கொள்ளைநோயைச் சொல்லக் கூடாது. அதே நேரத்தில், ஊர் மக்களின் பெயரை அறியாமை என்று ஒதுக்குவதும் தவறு. சிற்பி உயிர் மரத்தைச் செதுக்கியிருக்கலாம். பிறகு வந்த தலைமுறைகள் அதன்முன் நின்று நோய் வராதிருக்க மன்றாடினார்கள். அந்த மன்றாட்டும் அந்தச் சிலுவையின் வரலாறுதான். எழுப்பியபோது இருந்த பொருளையும் பிறகு சேர்ந்த பொருளையும் தனித்தனியே எழுதிவைப்பதுதான் நேர்மையான வழி.

வழியில் என்ன நடந்தது

இனி இடத்துக்கு வருவோம். 1095-இல் கிளெர்மோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்ததற்காகவே நினைவுகூரப்படுகிறது. அதே சங்கம் இன்னொன்றையும் விதித்தது: பகைவர் துரத்தும்போது வழியோரச் சிலுவையை அடைந்து பற்றிக்கொண்டவருக்குக் கோவிலுக்குள் புகுந்தவருக்கு உரிய அடைக்கலம் உண்டு. வெட்டவெளியில் நின்ற ஒரு சிலுவைக்குச் சட்ட வலிமை இருந்த காலம் அது.

சாவு ஊர்வலம் சிலுவைக்குச் சிலுவை நின்று செபித்துப் போனது. தூரத்துப் பண்ணையில் இறந்தவரைப் பங்குக் கோவிலுக்குக் கொண்டுவரப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும், எங்கே இளைப்பாறுவது என்பதைச் சிலுவைகள் தீர்மானித்தன. விதைப்புக்கும் மழைக்குமான மன்றாட்டுப் பவனிகளும், புனிதரின் திருநாள் பவனிகளும் அவற்றைத் தொட்டே சென்றன. லோக்ரொனானில் ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய த்ரொமெனி பவனி இன்றும் நடக்கிறது. 2025 ஜூலையில் நடந்தது. சுமார் 12 கிலோமீட்டர் வழியில் 12 தங்கல்கள். வயலுக்குள்ளும் காட்டோரத்திலும் செல்லும் அந்தப் பாதையில் சிலுவைகளுக்கு உரிய வேலை மீண்டும் கிடைக்கிறது.

கடற்கரையில் வேறு கதை. பெம்போல் துறைமுகத்திலிருந்து 1852 முதல் 1935 வரை படகுகள் ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போயின, பல திரும்பவில்லை. பக்கத்தில் உள்ள ப்ளூபாஸ்லனெக் ஊரின் மேட்டில் நிற்கும் சிலுவைக்கு விதவைகளின் சிலுவை என்று பெயர். பெண்கள் அங்கே நின்றுதான் தொடுவானில் பாய் தெரிகிறதா என்று பார்த்தார்கள். பியேர் லொத்தி 1886-இல் எழுதிய 'ஐஸ்லாந்து மீனவன்' நாவல் அந்த இடத்தை உலகறியச் செய்தது. அந்தச் சிலுவையைப் பெயர்த்து ஒரு அருங்காட்சியகத்தில் வைத்தால் எஞ்சுவது மிகச் சாதாரணமான ஒரு கல். மேடும் கடலும் தெரியும் இடத்தில் நிற்பதால்தான் அது விதவைகளின் சிலுவை.

ஓவியர் பால் கோகன் 1889-இல் வரைந்த 'பச்சைக் கிறிஸ்து' இன்று புருசெல்ஸ் நகரில் இருக்கிறது. போன்-தவென் அருகே நிசோன் ஊரில் பாசி படர்ந்து நின்ற கல்வாரியைத்தான் அவர் வரைந்தார். ஆனால் கோவிலருகே நின்ற அதை லெ பூல்தூ கடற்கரைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஓவியருக்கு அந்த உரிமை உண்டு. சாலைப் பொறியாளருக்கு அந்த உரிமை இல்லை என்பதுதான் அடுத்துச் சொல்ல வேண்டியது.

வீழ்ச்சியும் மீட்பும்

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-94-இல், சிலுவைகளை வீழ்த்தும் அலை வந்தது. 1578-இல் எழுந்த கெர்க்ரிஸ்ட்-மொயெலூ கல்வாரியின் உருவங்கள் உடைக்கப்பட்டன. பின்னர் அவற்றைத் திரும்ப ஏற்றியவர்களுக்குக் காட்சிகளின் வரிசை தெரியவில்லை, இன்றும் அவை கலைந்த நிலையிலேயே நிற்கின்றன. 1550-ஆம் ஆண்டுக் கேயெனோ கல்வாரியும் நொறுக்கப்பட்டது. சிற்பிகள் கேட்ட கூலியைப் பங்கால் தர இயலவில்லை. அதனால் 1853-இல் பங்குத்தந்தை ஜக்கோவும் அவருடைய துணைக்குருவும் தாங்களே உளியெடுத்துச் செப்பனிட்டார்கள். கைதேர்ந்த வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்தக் கல்வாரியின் மேல் தனிப் பிரியம் உண்டு.

19-ஆம் நூற்றாண்டு முழுக்க வேதபோதகப் பணிகளின் நினைவாகப் புதிய சிலுவைகள் எழுந்தன. யான் லார்ஹன்தெக் போன்ற சிற்பிகள் மறுபடி கெர்சாந்தோன் கல்லில் வேலை செய்தார்கள். இவற்றைப் பழையவற்றின் நகல் என்று ஒதுக்கும் போக்கு ஆய்வாளர்களிடம் நெடுங்காலம் இருந்தது, அது நியாயமற்றது. உடைந்த பழைய சுரூபத்தைப் புதிய தண்டில் ஏற்றிக் காப்பாற்றிய சிலுவைகள் பல. பழையது எது, புதியது எது என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தால் ஒரே சிலுவையில் இரண்டு நூற்றாண்டுகளின் வரலாறு கிடைக்கும்.

1944 ஆகஸ்டில், பிரெஸ்ட் நகருக்கான போரில் புளுகஸ்தெல் கல்வாரி குண்டுகளால் சேதமடைந்தது. அதைச் செப்பனிட ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி தன் நாட்டில் நிதி திரட்டி உதவினார். பெரிய கல்வாரிக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

சிறிய சிலுவைகளுக்குப் பேரிடர் அமைதிக் காலத்தில் வந்தது. 1950-களுக்குப் பிறகு விவசாயத்தை நவீனப்படுத்துவதற்காகச் சிதறிய நிலத்துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். வயல்களைப் பிரித்த மண்கரைகளும் உயிர்வேலிகளும் புல்டோசர்களால் தள்ளப்பட்டன. பள்ளவழிகள் மூடப்பட்டன, சாலைகள் அகலமாயின. வழியே இல்லாமல் போனபோது வழியோரச் சிலுவைக்கு என்ன இடம்? சிலவற்றை இழுத்துக் கோவில் முற்றத்தில் நிறுத்தினார்கள், சில சாலை வட்டங்களின் நடுவில் போய் நின்றன, சிலவற்றின் பீடம் ஓரிடத்திலும் தண்டு வேறிடத்திலும் கிடந்தன. கிழக்கு நோக்கி நின்ற சுரூபம் வேறு திசை பார்க்க வைக்கப்பட்டது. சிற்பங்கள் திருட்டும் போயின. இந்தக் காலத்தில்தான், 1952-இல் தொடங்கப்பட்ட 'ப்ரேஸ் சான்தெல்' போன்ற சங்கங்கள் சிற்றாலயங்களையும் சிலுவைகளையும் காக்க ஊர் மக்களைத் திரட்டின. அவர்களுடைய உழைப்பு இல்லாதிருந்தால் காஸ்தெல் பதிவு செய்ய இத்தனை மிஞ்சியிருக்காது.

சட்டத்தையும் மறக்க முடியாது. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பொது இடங்களில் புதிய சமயச் சின்னங்களை எழுப்பத் தடை விதிக்கிறது. அதற்கு முன்பே நின்றவற்றை அது தொடுவதில்லை, அவற்றைப் பராமரிக்கத் தடையில்லை. பிரிட்டனியின் ப்ளொயர்மெல் ஊரில் 2006-இல் வைத்த இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையின் சிலைக்கு மேலிருந்த சிலுவையை அகற்றச் சொல்லி 2017 அக்டோபரில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின்படிதான். நாட்டுப்புறச் சிலுவைகளின் எதிர்காலத்துக்கு இதன் பொருள் தெளிவானது. நிற்பது அப்படியே நிற்கலாம், ஆனால் பொது இடத்தில் அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இருப்பவைதான் இருப்பு.

அதனால்தான் இனிச் செய்ய வேண்டிய ஆய்வு சிற்பக்கூட அடையாளத்தோடு நின்றுவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். ஒவ்வொரு சிலுவையும் முதலில் நின்ற இடம், பார்த்த திசை, அதைத் தொட்டுச் சென்ற பாதை, நகர்த்தப்பட்ட ஆண்டு ஆகியவையும் பதிவாக வேண்டும். பழைய நிலவரி வரைபடங்கள் இருக்கின்றன. பவனி போன வழியை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கும் காலம் குறுகிக்கொண்டே வருகிறது. அழுக்கு என்று நினைத்து உயர் அழுத்த நீரால் பாசிப்பூவைப் பீய்ச்சி அகற்றும் ஊராட்சிகள், அதோடு கல்லின் மேற்தோலையும் பீடத்தின் எழுத்தையும் அகற்றுகின்றன என்பதை உணர வேண்டும். சாலைக்காக ஒரு சிலுவையை நகர்த்தியே தீர வேண்டுமென்றால், நகர்த்துவதற்கு முன் அளந்து, படமெடுத்து, அதே திசையில் திரும்ப நிறுத்துவது அதிகச் செலவு பிடிக்கும் காரியமல்ல.

பிரிட்டனிக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கும் வாசகர்கள் கிமிலியோவையும் ப்ளேபெனையும் பார்க்கட்டும். அவை பார்க்கத் தக்கவை. ஆனால் ஒரு நாளையாவது கிளைச்சாலைகளுக்கு ஒதுக்குங்கள். சிலுவையைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முன்பக்கத்தோடு திரும்பிவிடாமல் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். பீடத்தில் உள்ள ஆண்டையும் பெயரையும் சாய்வெயிலில் படியுங்கள், உச்சிவெயிலில் எழுத்து தெரியாது.